எட்டுக் காத்தித் தவிடு

1943 பங்குனியில் மலாயாவின் லுபோக் மெராந்தி ரப்பர்த் தோட்டத்தில் வயிறார உண்ட உயிர் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு குதிரை.

பெயர் டேசி. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெற்றிலை அளவுக்கு ஒரு வெள்ளை. ஜப்பான்காரன் கோத்தா திங்கி பாதையில் இறங்குகிறான் என்று கேள்விப்பட்டதும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டார். காரில் நாய்க்கு இடம் இருந்தது. குதிரைக்கு இல்லை. "அர்ச்சுனா, ரெண்டு வாரம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். அந்த இரண்டு வாரம் பதினான்கு மாதமாக நீண்டுகொண்டிருந்தது.

அர்ச்சுனனுக்கு முப்பத்தாறு வயது. பால்மரம் சீவத் தெரியாத ஆள் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான். பதினைந்து வயதில் குதிரைக் கொட்டடிக்குள் சாணி அள்ளப் போனவன், அப்படியே குதிரைக்காரனாகிவிட்டான். லயம் என்னும் கூலிகளின் வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அவனைக் கேலி செய்வார்கள். "அர்ச்சுனனுக்குத் தேரோட்டியும் அவனே, குதிரையும் அவனே" என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். அவனிடம் எப்போதும் குதிரை வாடை அடிக்கும் என்பதால் கல்யாணத்தின்போது பெண் வீட்டார் இரண்டு முறை குளிக்கச் சொன்னார்கள் என்பதும் உண்மைதான்.

பங்களாவுக்குக் குடிவந்த ஜப்பான் அதிகாரி, முதல் நாள் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே கொட்டடிக்கு வந்தார். டேசியின் கழுத்தைத் தடவினார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அர்ச்சுனனிடம் உடைந்த மலாயில் சொன்னார்: குதிரை இருக்கும் வரையில் குதிரைக்காரனுக்கு இங்கே வேலை உண்டு. குதிரை செத்தால் இல்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலை இல்லாதவன் எங்கே போவான் என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

சித்திரை பிறந்தபோது விளங்கியது. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மரியநாதன் கிராணி ஒவ்வொரு லயமாக வந்து பெயர் எழுதினார். முதல் தடவை போன நாற்பத்திரண்டு பேரில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. இரண்டாம் தடவைக்கு ஆட்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். கிராணியின் பட்டியலில் கடைசியில் சிவப்பு மையில் ஒரு தனிப் பத்தி இருந்தது. எடுக்கக்கூடாதவர்கள். எஞ்சின்காரர் இரண்டு, மருந்து போடும் டிரெசர் ஒன்று, காவல்காரர் மூன்று, குதிரைக்காரன் ஒன்று.

"நீ பொழச்ச, அர்ச்சுனா" என்றார் கிராணி. "உன் குதிரை வாலப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துக்க. விட்டுடாத."

"விடுவேனா ஐயா" என்றான் அர்ச்சுனன்.

அவன் விட முடியாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவன் மனைவி செல்லத்துக்குக் கால் வீங்கியிருந்தது. முதலில் பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் வரை. விரலால் அழுத்தினால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நிற்கும். தீட்டிய வெள்ளை அரிசி கொஞ்சம், மரவள்ளிக் கிழங்கு மிச்சம் என்று வயிற்றை நிரப்பியவர்களில் பாதிப் பேருக்கு அந்த வருஷம் அந்த வீக்கம். லயத்தில் ஏற்கெனவே ஐந்து பேர் போய்விட்டார்கள். வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கிழங்கு பிடுங்க, தண்ணீர் தூக்க, அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போக அவனை விட்டால் ஆள் இல்லை. அவன் சயாம் போனால் செல்லம் அந்த மாதமே மண்ணுக்குப் போவாள். இதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே டேசி சாகக்கூடாது. அதுதான் அவன் காலையில் எழுந்ததும் கும்பிட்ட சாமி.

அந்தச் சாமிதான் நொண்டத் தொடங்கியது.

முதலில் இடது முன்னங்கால். மறுவாரம் அது சரியாகி வலது பின்னங்கால். குளம்பில் கல் இல்லை, முள் இல்லை. நடையில் அடி குறுகியது, பட்டுப்புடவை கட்டிய மணப்பெண் மாதிரி அளந்து கால் எடுத்து வைத்தது. தீனியை வாயில் போட்டுப் பாதி மென்று உருண்டையாகத் துப்பியது. கண்ணுக்குக் கீழே, மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் எலும்பு மெல்லப் புடைத்து வந்தது.

கொட்டடிக்கு அடுத்த லயத்தின் கோடி வீட்டில் இருந்தவள் பேச்சியம்மாள். ஆறடி உயரம், வாயில் எப்போதும் வெற்றிலை. அவள்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ன தம்பி, ஊர்ல எல்லாருக்கும் கன்னம் ஒட்டிப்போச்சு, ஒன் குதிரைக்கு மட்டும் கன்னம் உப்புது? பங்களாச் சோறு சேருதோ?"

"சும்மா இருங்கக்கா. அது வீக்கம்."

"ஒன் வூட்ல காலு, இங்க மூஞ்சி. வீக்கத்தையே கட்டிக்கிட்டு அழுவற போ."

அர்ச்சுனனுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. அன்று முழுக்க யோசித்தான். செல்லத்துக்கு ஏன் கால் வீங்கியது? சத்தான சாப்பாடு இல்லை. டேசிக்கு ஏன் முகம் வீங்கியது? அதற்கும் சத்துப் போதவில்லை. பட்டினி கிடக்கிற ஊரில் எந்த நோயைப் பார்த்தாலும் பசியாகத்தான் தெரியும். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் காலை அதிகாரியிடம் போய்க் கைகட்டி நின்றான். "துவான், குதிரைக்குத் தவிடு பத்தல."

அதுவரை நாளைக்கு ஆறு காத்தி, கிலோவில் சொன்னால் மூன்றரைக்குச் சற்று மேலே, தவிடு. கோத்தா திங்கி ஆலையிலிருந்து ராணுவ லாரி வாராவாரம் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும். மனிதர்கள் கேட்டால் அடி விழும் பண்டம் அது. அதிகாரிக்கு அவன் கேட்டது பிடித்துப்போனது. எங்கள் ஊரிலும் குதிரைக்குத் தவிடுதான், தவிடு தின்றால் முடி பட்டாக மின்னும் என்றார். உண்மைதான், டேசியின் முடி மின்னிக்கொண்டிருந்தது. "எட்டு" என்று விரல்களைக் காட்டினார். "தினமும் எட்டு. குறைத்தால் உன்னைக் கேட்பேன்."

அர்ச்சுனன் குனிந்து வணங்கிவிட்டு, பெரிய காரியம் சாதித்தவனாகத் திரும்பினான்.

அவன் செய்த காரியம் என்ன என்று இன்றைக்குக் கால்நடை மருத்துவம் படித்த எவரும் சொல்வார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் குவிந்து கிடக்கும், சுண்ணாம்புச் சத்து துளியூண்டுதான் இருக்கும். பச்சைப் புல்லும் இலையும் தின்றால் ரத்தம் காரத்தின் பக்கம் சாயும். தானியமும் தவிடும் மட்டுமே தின்றால் அமிலத்தின் பக்கம் சாயும். ரத்தம் அந்தச் சாய்வைப் பொறுக்காது. அதை நிமிர்த்தச் சுண்ணாம்பு வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். முதலில் தாடை, பிறகு முகம், பிறகு கால். சுண்ணாம்பு போன இடத்தில் நார் வளர்ந்து புடைக்கும். பார்ப்பவருக்கு முகம் பெருத்ததாகத் தோன்றும், உள்ளே எலும்பு கறையான் அரித்த வீடாகியிருக்கும். முன்பெல்லாம் பங்களாவுக்குப் பின்னால் நல்ல புல்வெளி ஒன்று இருந்தது. அதையும் அந்த வருஷம் கொத்திக் கிழங்கு நட்டுவிட்டார்கள். டேசிக்குத் தவிட்டை விட்டால் வேறு கதி இல்லை.

எட்டுக் காத்தி தொடங்கிய மூன்றாவது வாரம் டேசி கயிற்றை அறுத்துக்கொண்டது.

நொண்டிக்கொண்டு அது நேரே போன இடம் பேச்சியம்மாள் வீடு. லயத்துச் சுவருக்கு யுத்தத்துக்கு முந்தி அடித்த சுண்ணாம்பு அங்கங்கே இன்னும் ஒட்டியிருந்தது. அதை நாக்கால் நக்கியது. சர்க்கரை கண்ட பிள்ளை மாதிரி மேலிருந்து கீழ்வரை நக்கி, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு உண்டாக்கிவிட்டது. அதோடு விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்ச் சிப்பிக் குவியலில் வாயை வைத்தது.

கடைச் சுண்ணாம்பு வருவது நின்றுபோனதால் பேச்சியம்மாள் தானே சுண்ணாம்பு சுட்டாள். ஆற்று முகத்துவாரத்திலிருந்து வரும் மலாய்க்காரப் படகில் லோக்கான் வரும். சேற்றில் கிடைக்கும் பெரிய சிப்பி அது. சதையை ஊர் தின்னும், ஓட்டை இவள் பொறுக்கி வந்து சூளை போடுவாள். அந்த ஓட்டைத்தான் டேசி பல்லுக்கிடையில் வைத்து நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"அட பாவி! என் வெத்தலையில மண்ணப் போடுதே ஒன் குதிரை! தவிட்டுக்குத் தொட்டுக்கச் சுண்ணாம்பு கேக்குதா அதுக்கு?"

அர்ச்சுனன் கயிற்றோடு ஓடிவந்தவன் நின்றுவிட்டான். எட்டுக் காத்தித் தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளும் குதிரை, சிப்பியை அப்படித் தின்று அவன் பார்த்ததில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தது.

"அக்கா, ஒரு கூடை ஓடு குடுங்க."

"என்னத்துக்கு?"

"கேக்கறது அது. நான் என்னத்தக் கண்டேன்."

ஓட்டை உரலில் போட்டு இடித்தான். பழைய வேட்டியில் சலித்து மாவாக்கினான். ஆற்றோரம் மூன்று மைல் நடந்து போய்ப் பச்சைப் புல் அறுத்து வந்தான். புல்லை நனைத்து இரண்டு கைப்பிடி சிப்பி மாவைத் தூவி வைத்தான். டேசி தொட்டியை நக்கித் துடைத்தது. அன்றிலிருந்து அதிகாரிக்குத் தெரியாமல் தவிட்டை மூன்று காத்தியாகக் குறைத்தான். வைகாசி முடிவதற்குள் குதிரை நாலு காலிலும் சமமாக நின்றது. மூஞ்சிப் புடைப்பு போகவில்லை, ஆனால் மேலும் வளரவுமில்லை.

மிச்சம் ஐந்து காத்தித் தவிடு தினமும் மூட்டையில் கிடந்தது.

அதை அவன் திருட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் தோட்டத்து டிரெசர் ஒரு நாள் செல்லத்தின் காலைப் பார்த்துவிட்டு, "ஊசிமருந்து ஏது? தவிடு கெடச்சா கரைச்சுக் குடுப்பா. அதுதான் இப்போதைக்கு மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி திருடிய ஒருவனை ஆற்றுப் பாலத்தடியில் மூன்று நாள் கட்டி வைத்திருந்ததை ஊரே பார்த்திருந்தது. நான்காம் நாள் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அதுவும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அர்ச்சுனன் புல்லுக் கூடையின் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு தவிட்டைப் பரப்பி, மேலே புல்லைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

செல்லம் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். "குதிரைத் தீனியா எனக்கு?"

"அதுக்கு ஆகல. ஒனக்கு ஆவும்னு சொல்றாரு டிரெசரு."

"குடிக்கிறேன். கனைக்க மட்டும் சொல்லாதீங்க."

பதினைந்து நாளில் வீக்கம் வடிந்து முழங்கால் தெரிந்தது. ஒரு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். ஆனி மாதத்தில் ஒரு காலை அவளே ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தாள். பேச்சியம்மாள் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே அந்த வருஷத்தில் பெரிய உபகாரம்.

குதிரையைக் கொன்றுகொண்டிருந்த பண்டம் பெண்டாட்டியைப் பிழைக்க வைத்தது. அவன் அதை நினைத்து ஒருமுறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு ஆடி மாதம் வரை நீடித்தது.

ஆடியில் மரியநாதன் கிராணி அவனை அலுவலகத்தின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"ஒன் குதிரை இப்ப நல்லா நடக்குதாமே?"

"நடக்குது ஐயா."

"ஏன்டா நடக்க வச்ச?"

அர்ச்சுனனுக்குப் புரியவில்லை. கிராணி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதிகாரிக்கு சயாம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் புறப்படுகிறார். ரயிலில் குதிரைக்கு ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். குதிரையோடு குதிரைக்காரனும் போகிறான். ஜோகூர் பாருவிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வந்து, பயணத்துக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லப் போகிறார்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுவாங்க. ஒனக்குக் குதிரை இருந்தாலும் சயாம், செத்தாலும் சயாம். அலமாக்! என்ன ஜாதகம்டா ஒன்னுது."

"நொண்டியா இருந்தா, ஐயா?"

கிராணி அவனை நிமிர்ந்து பார்த்தார். வாசலைப் பார்த்தார். "நொண்டியா இருந்தா கொண்டு போக மாட்டாரு. இங்கயே இருக்கும். பார்த்துக்க ஆள் வேணும். நான் ஒண்ணும் சொல்லல. நீ ஒண்ணும் கேக்கல."

அன்று அவன் கொட்டடிக்குப் போனபோது டேசி தலையை நீட்டி அவன் வலது கையை முகர்ந்தது. அந்தக் கையில்தான் சிப்பி மாவு இருக்கும். அர்ச்சுனன் கையை விரித்துக் காட்டினான். வெறும் கை. பிறகு அளவுப்படியை எடுத்து, எட்டுக் காத்தித் தவிட்டையும் அளந்து தொட்டியில் கொட்டினான்.

வைத்தியர் வர ஐந்து வாரம் இருந்தது. கொல்லக்கூடாது. நடக்கவும் விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஓர் இடம் இருக்க வேண்டும். சிப்பியையும் தவிட்டையும் கையால் அளந்து அந்த இடத்தில் குதிரையை நிறுத்திவிடலாம் என்று நம்பினான். ஆற்றோரம் புல்லுக்குப் போவதை நிறுத்தினான். டேசி தவிட்டைத் தள்ளியபோது வெல்லத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஊட்டினான். துவானின் கட்டளைப்படி எட்டு. ஒரு பிடி குறையாமல்.

எட்டும் குதிரைக்குள் போனதால் செல்லத்தின் கிண்ணம் காலியானது.

"தவிடு வரலியா?" என்றாள் நாலாம் நாள்.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க."

"அதுக்கு ஆகலன்னுதானே எனக்குக் குடுத்தீங்க. இப்ப அதுக்கே போடறீங்க. எதுக்கு?"

செல்லம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவளுக்கு விளங்கியது. "அது வாயில்லாத ஜீவன்ங்க" என்றாள். இரண்டு வாரத்தில் அவள் பாதம் மறுபடி மினுமினுத்தது.

டேசி மறுபடி சுவரைத் தேடியது. அவன் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினான். அது நாக்கை நீட்டி எட்டாத சுவரை எட்டப் பார்த்துக்கொண்டு நிற்கும். முகத்தின் புடைப்பு மளமளவென்று வளர்ந்தது. மூச்சு விடும்போது மூக்கில் விசில் அடித்தது.

"தம்பி, ஓடு கெடக்கு. எடுத்துக்க மாட்டேங்கிறியே" என்றாள் பேச்சியம்மாள்.

"வேணாங்கக்கா."

"அது கேக்குதே."

"வேணாம்னேன்ல!"

பதினெட்டு வருஷத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அது ஒரு தடவைதான். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வைத்தியர் வருவதாகச் சொன்ன நாள் காலை எட்டு மணிக்கு அதிகாரி பளபளக்கும் பூட்சோடு கொட்டடிக்கு வந்தார். ஒரு மாதமாக அவர் கோத்தா திங்கியில் இருந்ததால் குதிரையைப் பார்த்திருக்கவில்லை. சேணம் போடச் சொன்னார். வைத்தியர் கார் வரும்போது தாம் குதிரைமேல் இருந்து வரவேற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"துவான், கால் சரியில்ல. வைத்தியர் பார்க்கட்டும்" என்றான் அர்ச்சுனன்.

"நான் போகும்போது நன்றாக இருந்தது."

"அது போன மாசம், துவான்."

அறை ஒன்று விழுந்தது. அர்ச்சுனன் சேணம் போட்டான். டேசி திரும்பி அவன் கையை முகர்ந்தது.

பங்களாப் பாதை சரிவாக இறங்கி ஒரு சின்ன மதகைக் கடக்கும். இருபது அடி டேசி நடந்தது. பிறகு நின்றது. அதிகாரி பிரம்பால் அடித்தார். அது ஓட்டமாக ஒரு தாவு தாவியது. மதகின் மேல் முன்னங்கால் ஊன்றியபோது, காய்ந்த பால்மரக் கிளை காற்றில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு முன்னால் மடிந்து சரிந்தது. அதிகாரி சாக்கடைச் சேற்றில் போய் விழுந்தார்.

எழுந்தார். முகத்தைத் துடைத்தார். டேசி மூன்று காலில் எழ முயன்று விழுந்தது. மறுபடி முயன்றது. நாலாவது கால், உள்ளே ஒன்றும் இல்லாத துணி மாதிரித் தொங்கியது. அதிகாரி துப்பாக்கியை எடுத்தார். ஒரே குண்டு. லயத்துப் பக்கம் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன.

பிறகு துப்பாக்கியை உறையில் போடாமலே அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில்தான் மிருக வைத்தியரின் கார் மதகின் அந்தப் பக்கம் வந்து நின்றது.

வைத்தியர் ஒல்லியான, கண்ணாடி போட்ட ஜப்பான்காரர். வணக்கம் சொன்னார், சேற்றைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் குதிரையின் தலைமாட்டில் மண்டியிட்டார். தாடை எலும்பைப் பெருவிரலால் அழுத்தினார். பெருவிரல் உள்ளே போனது. பையிலிருந்து கத்தியை எடுத்துத் தாடையில் இறக்கினார். அவித்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவதுபோல அது எலும்பில் இறங்கியது.

நிமிர்ந்து அர்ச்சுனனிடம் மலாயில் கேட்டார். "தவிடு எவ்வளவு?"

"எட்டுக் காத்தி, துவான்."

"யார் சொன்னது?"

அர்ச்சுனன் தரையைப் பார்த்தான். அதிகாரியும் தரையைப் பார்த்தார். வைத்தியர் இருவரையும் பார்த்துவிட்டு ஜப்பான் மொழியில் இரண்டே வாக்கியம் சொன்னார். அதிகாரியின் கழுத்து சிவந்து காது வரை ஏறியது. துப்பாக்கி உறைக்குள் போனது. அவர் பங்களாவுக்கு நடந்தார். கட்டளைப்படி நடந்தவனை எந்தக் குற்றத்துக்குச் சுடுவது?

தப்பித்தோம் என்று அர்ச்சுனன் நினைத்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வைத்தியர் போகவில்லை. கொட்டடிக்குள் நுழைந்தார். தீனித் தொட்டியைக் கையால் தடவினார். பலகை இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். அர்ச்சுனனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"லோக்கான்?"

"ஆமா துவான்."

"யார் சொல்லித் தந்தது?"

"யாருமில்ல. குதிரை."

வைத்தியர் தலையை ஆட்டினார். "எத்தனை நாள் கொடுத்தாய்?"

"ரெண்டு மாசம்."

"குணமானதா?"

"ஆனது."

"பிறகு ஏன் நிறுத்தினாய்?"

வெளியே ஈக்கள் வந்துவிட்டிருந்தன. அந்தச் சத்தம் உள்ளே வரை கேட்டது. பொய் சொல்ல அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த மனிதர் எலும்பைத் திறந்து பார்த்துவிட்டார். இனி எதை மூடுவது?

"என் பெண்டாட்டியால நடக்க முடியாது, துவான்" என்றான். "நான் சயாம் போக முடியாது."

வைத்தியர் கோபப்படவில்லை. இரங்கவும் இல்லை. சற்று முன் தாடையைப் பார்த்த அதே பார்வையால் அவனைப் பார்த்தார். பிறகு சொன்னார். ஜோகூர் பாரு ஸ்டேஷனில் அறுபது வண்டிமாடுகள் சயாமுக்கு நிற்கின்றன. அங்கே போனால் தவிடுதான் தீனி, வேறு கிடையாது. போன தடவை போன மாடுகளில் பாதி படுத்துவிட்டன. இந்தச் சிப்பி வைத்தியம் தெரிந்தவன் ஒருவன்கூட என்னிடம் இல்லை. நீ வருகிறாய். நாளைக் காலை.

தான் கண்டுபிடித்ததே தன்னைக் கொண்டு போகிறது என்பது அர்ச்சுனன் தலைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் அவன் கண் மூலையில் கிடந்த மூட்டைகளுக்குப் போனது. இரண்டு மூட்டை. ஒன்று பிரிக்காதது.

"அந்தத் தவிடு, துவான். அதை அவளுக்குக் கொடுங்க."

வைத்தியர் மூட்டைகளைப் பார்த்தார். தின்ன வேண்டிய குதிரை வெளியே மதகின் மேல் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்து ஒரு வரி எழுதினார், முத்திரை குத்தினார், நீட்டினார். "இதைக் காட்டினால் அவளை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மூட்டைக்கு மட்டும்."

மறுநாள் காலை மரியநாதன் கிராணி பட்டியலில் 'குதிரைக்காரன் ஒன்று' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தார். கோடு பக்கத்து வரியிலும் இழுத்துக்கொண்டது.

பேச்சியம்மாள் ஒரு சாக்கு நிறைய லோக்கான் ஓட்டைக் கொண்டுவந்து லாரியில் போட்டாள். "எனக்கும் வெத்தலை கெடைக்கல. கொண்டு போ" என்றாள். "ஒம் பொண்டாட்டிக்குத் தண்ணி நான் தூக்கறேன். ரெண்டு மூட்டை எத்தனை நாளைக்கு வரும்?"

"தை வரைக்கும் வரும்க்கா. ஒரு கிண்ணத்துக்கு மேல குடுக்காதீங்க."

"தைக்கு அப்புறம்?"

லாரிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான்.

செல்லம் வாசலில் பிரிக்காத மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முத்திரை போட்ட காகிதத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். அவன் அவள் முன்னால் குந்தினான். தினமும் செய்கிற பழக்கத்தில், அவள் காலைப் பிடித்துக் கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அழுத்தினான்.

பெருவிரல் உள்ளே போனது.

அவன் கையை எடுத்தான். குழி அப்படியே நின்றது. அது நிரம்புகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரம்புவதற்கு முன்னால் லாரி ஹாரன் அடித்தது.